‘செக்’ என்ற ஒரு சொல்லைக் கொடுத்துச் சோதித்த அகராதி: எடிமான்லைன் மதிப்புரை

சில மாதங்களுக்கு முன்பு, அரசியல் சட்டத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றின் தமிழாக்கத்தைத் திருத்தித் தரும் வேலை என்னிடம் வந்தது. சட்டமன்றம், ஆட்சித்துறை, நீதித்துறை ஆகிய மூன்றில் எதுவும் வரம்பு மீறிவிடாதபடி ஒன்றையொன்று கட்டுக்குள் வைத்திருக்கும் ஏற்பாட்டை, ஆங்கிலத்தில் ‘செக்’, ‘பேலன்ஸ்’ என்ற இரு சொற்களையும் சேர்த்துச் சொல்வார்கள். மொழிபெயர்த்தவர் அதைச் ‘சரிபார்ப்பும் சமநிலையும்’ என்று எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது; நாள்தோறும் நாம் வாயில் வைத்திருக்கும் ‘செக்’ என்ற சொல்லுக்குச் சரிபார்த்தல் என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும் பொருள். ஆனால், நீதித்துறை சட்டமன்றத்தைச் ‘சரிபார்க்கிறது’ என்று படித்தபோது வாக்கியம் காலில் நிற்கவில்லை. ‘தடுத்து நிறுத்துகிறது’ என்று மாற்றிய பிறகே நின்றது.

அப்படியானால் ஒரே சொல் எப்படி இரண்டு பொருளும் தருகிறது, இரண்டில் எது மூத்தது என்று அறிய, மேசையிலிருந்த ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் புரட்டினேன். தடை, கட்டுப்பாடு, சரிபார்ப்பு, காசோலை, அடையாள வில்லை, கட்டம் போட்ட துணி, சதுரங்கத்தில் அரசனுக்கு வரும் நெருக்கடி என எல்லாவற்றையும் அது காற்புள்ளியிட்டு ஒரே வரியில் நிறுத்தியிருந்தது. ஒரே வயிற்றில் பிறந்தும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதவர்களைப்போல அவை அங்கே நின்றன. எதிலிருந்து எது வந்தது என்பது தெரியாதவரை, எந்த இடத்தில் எதை எடுப்பது என்ற என் கேள்விக்கு அந்த வரி உதவவில்லை. அப்போதுதான் எடிமான்லைன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இணையச் சொற்பிறப்பு அகராதியைத் திறந்தேன். நெடுநாளாக அவ்வப்போது எட்டிப் பார்த்த தளம்தான். இம்முறை ஒரே ஒரு சொல்லைக் கொடுத்து, அதன் எல்லாப் பக்கங்களிலும் நடந்து, அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்று பொறுமையாகப் பார்த்தேன்.

டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தொகுத்து வளர்த்த அகராதி இது. படிப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் எழுத்தில் முதன்முதலாகக் கிடைக்கும் காலத்தையும், அதற்கு முன் அது எந்தெந்த மொழிகளின் வழியாக வந்தது என்பதையும், ஆங்கிலத்துக்குள் வந்த பிறகு அதன் பொருள் எப்படி நகர்ந்தது என்பதையும் இது சொல்கிறது. பார்ன்ஹார்ட்டின் சொற்பிறப்பு அகராதி, எர்னஸ்ட் கிளைனின் ஒப்பியல் அகராதி, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த செஞ்சுரி அகராதி போன்றவற்றை அடித்தளமாகக் கொண்டு கட்டப்பட்டது. ஆகவே இது புதிய ஆராய்ச்சி நூல் அன்று. பெரிய நூல்களின் முடிவுகளைத் தேர்ந்து, சுருக்கி, ஒன்றோடொன்று இணைத்துக் கையில் தருவது. அந்த இணைப்புதான் இதன் உண்மையான பலம் என்று நான் கருதுகிறேன்.

‘செக்’ என்று தேடினால், பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் தனித்தனிப் பதிவுகள் வருகின்றன. கட்டம் போட்ட துணியைக் குறிக்கும் ‘செக்’ வேறொரு பதிவாக நிற்கிறது. பெயர்ச்சொல் பதிவின் முதல் வரியே என் கேள்வியின் பாதியைத் தீர்த்தது. 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் தலைகாட்டுவது சரிபார்த்தலாகவும் இல்லை, பணமாகவும் இல்லை. சதுரங்கப் பலகையின் மேல், அரசனுக்கு ஆபத்து என்று எதிராளியை எச்சரிக்கும் குரலாக வருகிறது. பழைய பிரெஞ்சு வழியாக, இடைக்கால லத்தீன் வழியாக, அரபியைத் தாண்டிப் பின்னோக்கிப் போனால் பாரசீகத்தின் ‘ஷா’ என்ற சொல்லில் போய் முடிகிறது. ஷா என்றால் அரசன். ஆட்டத்தில் ‘அரசன்!’ என்று சொல்லி எச்சரித்த அந்த ஒற்றைச் சொல்தான், இன்று விமான நிலையத்திலும் மருத்துவப் பரிசோதனையிலும் வங்கியிலும் நம் நாவில் ‘செக்’ என்று புழங்குகிறது.

அங்கிருந்து ‘ஷா’ என்ற சொல்லின் பதிவுக்கு ஓர் இணைப்பு இருக்கிறது. அதைத் தொட்டால், அதிகாரம் செலுத்துதல், ஆளுதல் என்ற பொருள்கொண்ட பழைய இந்தோ-இரானிய வினையும், ஆட்சி என்று பொருள்படும் சமஸ்கிருதத்தின் ‘க்ஷத்ர’ என்ற சொல்லும் அதன் உறவுகளாகக் காட்டப்படுகின்றன. சத்திரியர் என்ற சொல் பிறந்த வேர் அது. பாரசீகப் பேரரசின் மாகாண ஆளுநரைக் குறித்த ‘சத்ரப்’ என்ற பட்டமும் அதே குடும்பம்தான். வரலாற்றுப் பாடத்தில் மேலைச் சத்திரபர்கள் என்று படித்தது, ஒரு வங்கிச் சீட்டின் பெயரோடு வேரில் போய்ச் சேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அச்சிட்ட அகராதியில் இந்த வழியே போக வேண்டுமானால் நான்கு இடங்களில் விரலை வைத்துக்கொண்டு பக்கம் புரட்ட வேண்டும். இங்கே இரண்டு தொடுகையில் முடிகிறது.

இன்னொரு செய்தியும் இங்கே மனத்தில் நின்றது. ஆட்டம் பிறந்த நிலத்தில் அதன் பெயர் படையைக் கொண்டு அமைந்தது. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நான்கு உறுப்புகளைக் குறிக்கும் சதுரங்கம் என்ற பெயர், பாரசீகத்தில் ‘சத்ரங்’ ஆகி, அரபியில் ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. ஸ்பானியமும் போர்த்துகீசியமும் அந்தப் பெயரையே தங்கள் ஒலிக்கேற்ப மாற்றி வைத்துக்கொண்டன. ஆனால் பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன், ஆங்கிலம் ஆகியவை படையை விட்டுவிட்டு அரசனைப் பிடித்துக்கொண்டன. ‘செஸ்’ என்ற பெயரே ‘செக்’ என்பதன் பழைய பிரெஞ்சுப் பன்மையிலிருந்து வந்ததுதான்.

அடுத்து ‘செக்மேட்’ என்ற பதிவைப் பார்த்தேன். இந்த அகராதியின் நேர்மையை மதிப்பிட ஏற்ற இடம் அதுதான். ‘ஷா மாத்’ என்றால் அரசன் இறந்தான் என்று பொருள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அரபியில் ‘மாத’ என்றால் இறந்தான் என்பதால் அது இயல்பாகவே தோன்றுகிறது. ஆனால் பாரசீகத்தில் ‘மாத்’ என்பதற்குத் திகைத்து நிற்றல், செயலற்றுப் போதல் என்பது பொருள். அந்தப் பாரசீகச் சொல்லை அரபி வினையாகப் பிழைபட எடுத்துக்கொண்டதால்தான் ‘இறந்தான்’ என்ற விளக்கம் வந்தது என்ற கருத்தையும் இப்பதிவு சேர்த்தே தருகிறது. அதுவும், இன்னார் கருத்துப்படி என்று ஆதாரம் சொல்லித் தருகிறது. ஆட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு இரண்டாவது விளக்கம் மனத்துக்கு நெருக்கமாக இருக்கும். சதுரங்கத்தில் அரசனை யாரும் வெட்டி எடுப்பதில்லை. நகர இடமின்றி அவன் பலகையில் நின்றுகொண்டிருக்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது. இது சான்று ஆகாது, பொருத்தம் மட்டுமே. ஆயினும், பிரபலமான விளக்கத்தை மட்டும் கொடுத்து வாசகரை அனுப்பிவிடாமல் ஐயத்தையும் கூடவே வைக்கும் ஓர் அகராதியை நான் நம்புவேன்.

என் முதல் கேள்விக்கு விடை வினைச்சொல் பதிவில் கிடைத்தது. அரசனுக்கு நெருக்கடி வந்துவிட்டால், ஆடுபவர் வேறு எந்தத் திட்டத்தையும் தொடர முடியாது. எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிட்டு அரசனைக் காப்பாற்றியாக வேண்டும். இந்த ‘நின்றுவிடுதல்’தான் பலகையை விட்டு முதலில் வெளியே வந்தது. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தடுத்து நிறுத்துதல் என்ற பொருள் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. அடக்கி வைத்தல், கட்டுப்படுத்துதல் என்பவை 17-ஆம் நூற்றாண்டில் தெளிவாக வந்துவிடுகின்றன. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு உண்மைதானா என்று பார்த்தல் என்ற பொருள் அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் தென்படுகிறது. தவறு நடந்துவிடாமல் தடுக்கும் கருவியாக ஒப்பிட்டுப் பார்த்தல் இருந்ததால், தடுத்தல் மெல்லச் சரிபார்த்தலாக நகர்ந்திருக்கிறது. சரிபார்த்தல் இளையது, தடுத்தல் அதற்கு 300 ஆண்டுகள் மூத்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 1787-88-இல் வெளிவந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 51-ஆவதன் தலைப்பிலேயே அந்த இரட்டைத் தொடர் இருக்கிறது. அங்கே ‘செக்’ என்பது மூத்த பொருளில்தான் நிற்கிறது. ‘தடையும் சமநிலையும்’ என்று நான் திருத்தியதற்குக் காரணம் சொல்ல முடிந்தது இந்தப் பதிவால்தான். இரண்டு பொருளும் அகராதியில் உண்டே என்று எவரேனும் கேட்டால், எது எப்போது பிறந்தது என்று காட்டுவதே தக்க மறுமொழி.

பதிவுகளைப் படித்துக்கொண்டே ஒரு வெள்ளைத்தாளில் மரம் ஒன்றை வரைந்தேன். அடியில் ‘ஷா’ என்று எழுதினேன். மேலே இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று அரசனுக்கு வந்த நெருக்கடியிலிருந்து புறப்பட்டு, தடுத்தல், அடக்குதல், ஒப்பிட்டுப் பார்த்தல் என்று போயிற்று. அதிலிருந்து சிறு கிளைகளாக, பொருளை ஒப்படைத்துவிட்டு வாங்கிக்கொள்ளும் அடையாள வில்லை, பட்டியலில் பார்த்து முடித்ததற்கு இடும் குறி, விடுதியில் வந்து பதிவுசெய்தல், கணக்கு முடித்துக் கிளம்புதல் எல்லாம் முளைத்தன. இன்னொரு கிளை ஆட்டத்திலிருந்து புறப்படாமல் பலகையிலிருந்து புறப்பட்டது. பலகையின் கட்டங்கள் துணிக்குப் போய், கட்டம் போட்ட சட்டையின் ‘செக்’ ஆயின. போர்த்துகீசியத்திலும் சதுரங்கத்தைக் குறிக்கும் அதே சொல் கட்டம் போட்ட துணியையும் குறிக்கிறது என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளலாம். ஒரே உருவம் இரண்டு மொழிகளை ஒரே வழியில் நடத்தியிருக்கிறது.

பலகைக் கிளையில் தொங்கும் மிகப் பெரிய கனி ‘எக்ஸ்செக்கர்’ என்ற சொல். பிரிட்டனின் நிதி அமைச்சருக்கு இன்றைக்கும் எக்ஸ்செக்கரின் சான்ஸ்லர் என்பதுதான் பட்டம். நார்மன் அரசர்கள் காலத்தில் கட்டங்கள் வகுத்த துணியை மேசைமேல் விரித்து, அதன்மேல் வில்லைகளை வைத்து வரவுக் கணக்குப் பார்த்ததால், சதுரங்கப் பலகையின் பெயரே கருவூலத்துக்கு வந்தது என்று அகராதி ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு நகர்கிறது. இந்த இடத்தில் இன்னும் சில வரிகள் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, ஏனென்றால் அந்த மேசையைப் பற்றிய நேரடி வருணனையே நமக்குக் கிடைத்திருக்கிறது. அரசின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய கருவூல உரையாடல் என்னும் லத்தீன் நூலில், அந்த மேசை ஏறத்தாழ 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்டது என்றும், அதன்மேல் கோடுகள் வரைந்த கருப்புத் துணி விரிக்கப்படும் என்றும் சொல்லப்படுகிறது. பென்ஸ், ஷில்லிங், பவுண்டு, இருபது, நூறு, ஆயிரம் என்று ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மதிப்பு. மாவட்டத்தின் வரிப்பணத்துக்குப் பொறுப்பான ஷெரிஃப் ஒரு பக்கம், பொருளாளர் மறுபக்கம். செலுத்த வேண்டிய தொகைக்கான வில்லைகள் ஒரு வரிசையிலும், செலுத்திய தொகைக்கானவை அதற்குக் கீழே மற்றொரு வரிசையிலும் வைக்கப்பட, ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கப்படும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடக் கணக்கு எப்படி முடிகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பலகையில் இரு அரசர்கள் பொருதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் பொருதுகிறார்கள் என்று அந்நூலே ஒப்புமை சொல்கிறது. ‘சதுரங்கப் பலகையை நினைவூட்டியதால்’ என்ற அகராதியின் ஒரு தொடருக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பிரிந்துபோன இந்த இரு கிளைகளும் காசோலையில் மறுபடி வந்து சேர்கின்றன. என் தாளில் கோடுகள் ஒன்றையொன்று தொட்ட இடம் அது ஒன்றுதான். பணத்துக்கான கட்டளைச் சீட்டைப் போலியானதா, உண்மையானதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் முதலில் ‘செக்’ என்று பெயர். பிறகு அந்தப் பெயர் சீட்டுக்கே வந்தது. அது தடுத்தல் கிளையின் பிள்ளை. ஆனால் பிரிட்டனில் அதை எழுதும்போது கடைசியில் ‘கியூ’ என்ற எழுத்தைச் சேர்த்து எழுதும் வழக்கம், கருவூலத்தைக் குறிக்கும் எக்ஸ்செக்கரின் எழுத்துக்கூட்டலைப் பார்த்து வந்திருக்கலாம் என்று அகராதி கருதுகிறது. அமெரிக்கர்கள் பழைய எழுத்துக்கூட்டலிலேயே நின்றுகொண்டார்கள். நாம் காசோலை என்று ஆக்கியபோது காசுக்காக எழுதிய ஓலை என்று அதன் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தோம். ஆங்கிலமோ, சீட்டின் வேலையை விட்டுவிட்டு, ஏமாறாமல் இருக்கச் செய்த ஏற்பாட்டின் பெயரையே வைத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, தமிழ்ச் சொல் எவ்வளவு நேராக அமைந்திருக்கிறது என்று பெருமையாகவே இருந்தது.

இந்த அகராதியின் குறைகளுக்கு வருகிறேன். பொருள் நகர்ந்த வரலாறு முழுவதும் நெருக்கமான ஒரே பத்தியாக, ஆண்டுகளை அடைப்புக்குறிக்குள் வைத்து ஓடுகிறது. நான் தாளில் வரைந்த மரத்தை அது வரைந்து காட்டுவதில்லை. எந்தப் பொருள் எதன் கிளை என்பதைப் பத்தியைப் பொறுமையாக இரண்டு முறை படித்து நாமேதான் பிரித்தெடுக்க வேண்டும். கைபேசித் திரையில் இது சிரமம். அடுத்தது, சான்று வாக்கியங்கள். சில பதிவுகளில் அழகான மேற்கோள்கள் இருந்தாலும், ஒவ்வொரு பொருளுக்கும் அவை இல்லை. ஒரு சொல் 1300-ஐ ஒட்டி வந்தது என்றால், எந்த வாக்கியத்தில், யார் எழுத்தில் என்று பார்க்க மனம் விரும்புகிறது. அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிடம்தான் போக வேண்டும். 1884-இல் முதல் பகுதி வெளியாகி, 1928-இல் நிறைவுபெற்று, 1989-இல் 20 தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு கண்ட அந்த அகராதியில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் உள்ளன. முழுமையாகப் பயன்படுத்த அதற்குச் சந்தா வேண்டும். நூலகத்தின் வழியாக அணுக முடிந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்வது நல்லது. வழி தெரிந்துகொள்ள எடிமான்லைன், வழியில் கிடந்த கல்லைக் கையிலெடுத்துப் பார்க்க ஆக்ஸ்ஃபோர்டு என்பது என் பழக்கமாகிவிட்டது.

பதிவுகளோடு காட்டப்படும் பயன்பாட்டு வரைபடத்தை நான் பொருட்படுத்துவதில்லை. அச்சிட்ட நூல்களில் ஒரு எழுத்துவடிவம் எத்தனை முறை வருகிறது என்பதை மட்டும் எண்ணும் கணக்கு அது. ‘செக்’ போன்ற பல பொருள் கொண்ட சொல்லில், தடையும் காசோலையும் கட்டத் துணியும் ஒரே கோட்டுக்குள் கலந்துவிடுவதால், அக்கோடு ஏறினாலும் இறங்கினாலும் நாம் எதையும் அறிய முடியாது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த அகராதியைக் குறிப்பாகப் பரிந்துரைக்க இன்னொரு காரணம் உண்டு. ஒலி ஒத்துப்போனால் போதும், இந்த ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது என்று அறிவித்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ‘செக்’ என்பதற்கும் எள்ளை ஆட்டும் செக்குக்கும் முடிச்சுப் போட வேண்டும் என்று நினைத்தால் ஒரு நிமிடம் போதும். இரண்டும் நெருக்குகின்றன, இரண்டும் தப்பவிடாமல் பிடிக்கின்றன என்று கதை கட்டிவிடலாம். ஐரோப்பாவின் நடுவிலுள்ள செக் நாட்டின் பெயரும் தமிழ் எழுத்தில் இதே உருவில்தான் நிற்கிறது. அது அம்மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர், ஷாவோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சொல் எந்த மொழிவழி, எந்தக் காலத்தில், எந்தப் பொருளில் வந்தது என்று ஒவ்வொரு கண்ணியையும் காட்டினால்தான் உறவு உறுதியாகும். அப்படிக் காட்டப்பட்ட உறவுகளில் நம் சொற்களும் இருக்கின்றன. கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துக்குள் போன கதையை இதே அகராதி தமிழ் மூலத்தோடு சொல்கிறது. இருக்கிற உண்மையான பெருமையைக் காக்கவாவது, இல்லாத உறவுகளைக் கட்டுவதை நாம் விட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சொற்பிறப்பு வேறு, இன்றைய பொருள் வேறு என்பதை இத்தளம் தன் அறிமுகத்திலேயே சொல்லிவிடுகிறது. காட்டப்படும் ஆண்டும், சொல் எழுத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆண்டுதான். பேச்சில் அது அதற்கு முன்பே இருந்திருக்கலாம். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளாமல் இதைப் பயன்படுத்தினால், ‘செக்’ என்றால் உண்மையில் அரசன் என்றுதான் பொருள் என்று வாதிடும் நிலைக்குப் போய்விடுவோம்.

திருத்திய கட்டுரையை, தாளில் வரைந்த மரத்தின் படத்தோடு மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பினேன். மறுநாள் அவரே அழைத்தார். கட்டுரையின் பிற்பகுதியில், நெருக்கடி நிலையைக் காரணம் காட்டி ஆட்சித்துறைக்கு ‘பிளாங்க் செக்’ கொடுத்துவிடக் கூடாது என்று ஒரு வரி இருப்பதாகவும், அங்கேயும் தடை என்றே போட்டால் பொருள் தலைகீழாகிவிடுகிறதே என்றும் கேட்டார். மரத்தில் கோடுகள் இரண்டும் சேரும் இடத்தைப் பார்க்கச் சொன்னேன். அங்கே நிற்பது தொகை எழுதாமல் கையெழுத்திட்ட காசோலை. விரும்பியதைச் செய்துகொள்ளலாம் என்ற உரிமையைக் குறிக்க 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே அத்தொடர் ஆங்கிலத்தில் உருவகமாக வழங்குகிறது. அடக்கி வைப்பதற்கும் அடக்கமே இல்லாமல் விட்டுவிடுவதற்கும் ஒரே கட்டுரையில் ஒரே சொல் வந்திருந்தது. முதலிடத்தில் ‘தடை’ என்றும், இரண்டாமிடத்தில் ‘வரம்பற்ற அதிகாரம்’ என்றும் வைத்துக் கட்டுரையை அச்சுக்குக் கொடுத்தோம்.